அம்மாவின் தூக்கமும் மருந்துதான்

மனச்சிதைவு நோய் நுழைந்த வீட்டில் முதலில் தொலைவது தூக்கம். நோயாளியின் தூக்கத்தோடு வீட்டாரின் தூக்கமும் போய்விடுகிறது. நள்ளிரவு தாண்டியும் மகன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். அம்மா படுத்திருக்கிறார், காது மட்டும் விழித்திருக்கிறது. தாழ்ப்பாள் அசைகிறதா, அடுப்படியில் கேஸ் வாசனை வருகிறதா, மாடிப்படியில் காலடி கேட்கிறதா? விடிந்தால் பால் வாங்க வேண்டும், சமைக்க வேண்டும், வேலைக்குப் போகிறவராக இருந்தால் பஸ் பிடிக்க வேண்டும். ஒரு வாரம் இப்படி இருந்தாலே நம்மில் பலர் சுருண்டுவிடுவோம். இருபது, முப்பது வருடங்களாக இப்படி இருக்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பெரும்பாலும் நமக்குத் தெரியாது. தெரியாதபடி அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆண்களுக்குப் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும், பெண்களுக்கு அதற்குச் சற்றுப் பின்னாலும் தொடங்குவது வழக்கம். நோய் வரும் இந்த வயதுதான் குடும்பத்தை ஒடித்துப்போடுகிறது. கடன் வாங்கிப் படிக்கவைத்த பிள்ளை தலையெடுத்துவிடுவான், தங்கச்சி கல்யாணத்துக்குத் தோள்கொடுப்பான் என்று அப்பா நிமிரும் நேரம் அது. அப்போது அவன் விடுதியைக் காலிசெய்துவிட்டு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். டிவியில் செய்தி வாசிக்கிறவர் தனக்கு மட்டும் ஏதோ குறிப்பால் சொல்கிறார் என்கிறான். யாருமில்லாத பக்கம் பார்த்துப் பதில் பேசுகிறான். அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தால் ஊர் திரண்டு வந்திருக்கும். உறவுக்காரர் வீட்டிலிருந்து சோறு வந்திருக்கும். பதினாறாம் நாள் வரை யாராவது கூட இருந்திருப்பார்கள். இங்கே ஆள் கண்முன்னால் நடமாடுகிறான். அவர்கள் வளர்த்த அந்தப் பிள்ளையைத்தான் காணோம். இந்தத் துக்கத்தை விசாரிக்க யாரும் வருவதில்லை.

முதல் ஒன்றிரண்டு வருடம் அலைச்சலில் கழிகிறது. காத்துக் கருப்பு என்று சொல்லித் தாயத்து கட்டுகிறார்கள். குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்குகிறார்கள். ஏர்வாடி தர்காவுக்குப் போகிறார்கள். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அங்கே போனால் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் மகனை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. வீட்டைக் காலிபண்ணச் சொல்லி யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னோர் அம்மாவிடம் மனசைத் திறந்து பேச முடிகிறது. அந்த ஆறுதல் மருத்துவமனை வாசலிலும் கிடைத்திருந்தால் அவர்கள் இன்னும் சீக்கிரம் அங்கே வந்திருப்பார்கள். சிகிச்சை தள்ளிப்போகப் போக நோய் வேரூன்றுகிறது என்பதால் இந்த அலைச்சலுக்குக் கொடுக்கும் விலை பெரிது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்தச் சங்கிலிக்கு எந்த நியாயமும் கிடையாது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் பிணைப்பதை வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. ஆனால் ஏர்வாடியைப் பற்றிப் பேசும்போது ‘பெத்த பிள்ளையை இப்படிக் கொண்டாந்து விட்டுட்டுப் போவாங்களா’ என்ற கேள்வி எல்லார் வாயிலும் வந்தது. அந்தப் பிள்ளையை அதுவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட வருடங்களில் யார் அந்த வீட்டுப் படியேறினார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்டதாக நினைவில்லை. கைவிடுவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் ஊர் குடும்பத்தைக் கைவிடுகிறது. பல வருடம் கழித்து, கை ஓய்ந்துபோய், குடும்பம் நோயாளியைக் கைவிடுகிறது. இரண்டாவதுதான் நம் கண்ணில் படுகிறது.

இதற்கு நடுவில் கல்யாணப் பேச்சு வேறு. ‘ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிடும்’ என்பது இந்த நோயைப் பற்றி நம்மிடையே புழங்கும் பேச்சுகளில் மிகக் கொடியது. மறைத்துச் செய்த கல்யாணம் சில மாதங்களில் வெளுத்துவிடுகிறது. பெண்ணுக்கு நோய் என்றால் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு அவளைக் கேட்க நாதியில்லை. சென்னையில் மருத்துவர் ஆர். தாராவும் அவரோடு சேர்ந்தவர்களும் இப்படிக் கணவனை விட்டுப் பிரிந்த பெண்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண்களைத் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் வயதான பெற்றோர். ஆணுக்கு நோய் என்றால், விவரம் தெரியாமல் கட்டிக்கொண்டு வந்த பெண் வாழ்நாள் முழுக்கத் தாதியாகிறாள். தங்கச்சியைப் பெண்பார்க்க வரும் நாளில் அண்ணனை மாடியறையில் உட்காரவைத்துவிட்டு, ‘சத்தம் போடாம இருடா, ஒரு மணி நேரம்தான்’ என்று கெஞ்சிவிட்டு இறங்கி வரும் அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

மதுரைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. மகனுக்கு முப்பது தாண்டிவிட்டது. சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குப் பயம். அம்மா தட்டை வைப்பார், அவன் தொடமாட்டான். அதே தட்டிலிருந்து அவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டுவார். ‘பாத்தியா, அம்மா சாப்டுட்டேன்ல. நீ சாப்புடுய்யா.’ அவன் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதிப்பட்ட பிறகுதான் கை தட்டுக்கு நீளும். சோற்றுக்கு ஒரு வாய், பொரியலுக்கு ஒரு வாய், தண்ணீருக்கு ஒரு மடக்கு. மூன்று வேளையும் இப்படித்தான். மாத்திரையை மட்டும் அவன் வாங்குவதில்லை. வாங்கினாலும் நாக்குக்கு அடியில் வைத்திருந்து துப்பிவிடுவான். வேறு வழி தெரியாமல் ஒருநாள் அந்த அம்மா மாத்திரையைக் கரண்டியால் நுணுக்கிக் குழம்புச் சோற்றில் பிசைந்து வைத்துவிட்டார். அன்றும் அவன் வழக்கம்போலத் தட்டை அவர் பக்கம் தள்ளினான். அவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். மத்தியானம் முழுக்கக் கண்ணைச் சொருகியது என்று பிற்பாடு சொன்னார்.

பயப்பட ஒன்றுமில்லை என்று இத்தனை நாளும் தன் வாயால் தின்று நிரூபித்தவர் அவர். அன்று அவன் பயத்தில் கொஞ்சம் உண்மை கலந்துவிட்டது. அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தார், அழுதுகொண்டு செய்தார். தெரியாமல் மருந்து கொடுப்பது நம்பிக்கையை அறுத்துவிடும், அது நோயாளியின் உரிமைக்கும் விரோதம் என்று நாம் சொல்லலாம். சொல்வது சரிதான். மருந்து இல்லாமல் போனால் அடுத்த வாரம் அவன் நடுராத்திரியில் வீட்டை விட்டு இறங்கிவிடுவான் என்பதும் சரிதான். இரண்டு சரிகளுக்கு நடுவில் ஒரு சோற்றுத் தட்டோடு அவர் தனியாக நின்றார். இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி பல காலமாக இருக்கிறது. அதைப் பற்றி அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். அவனோடு உட்கார்ந்து பேசி அவன் சம்மதத்தைக் கேட்டிருக்கலாம். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் மருத்துவர் முன்னால் அவர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். பழைய சீட்டைப் பார்த்து அதையே திரும்ப எழுதிக்கொடுப்பதற்குத்தான் அந்த நேரம் போதும்.

இன்னொரு சிரமத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பவர்கள் இல்லை. அடிபடுகிறவர்களே அவர்களில் அதிகம். ஆனால் நோய் முற்றிய ஒரு நேரத்தில் கை ஓங்கப்பட்டால் அது விழுவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் மேலோ மனைவியின் மேலோதான். முழங்கையில் இருக்கும் கன்றிப்போன தழும்பைப் பார்த்து யாராவது கேட்டால் ‘படியில வழுக்கிட்டேன்’ என்பார்கள். சொன்னால் பிள்ளைக்குக் கெட்ட பெயர்.

இத்தனைக்கும், கத்தலையும் கற்பனைக் குரல்களையும் வீடு ஒருவழியாக நோய் என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறது. ஏற்றுக்கொள்ள முடியாதது மௌனத்தைத்தான். மருந்து வேலைசெய்து குரல்கள் அடங்கிய பிறகும் பலர் பேசுவதில்லை, குளிப்பதில்லை, சிரிப்பதில்லை, பத்து மணிக்கும் எழுந்திருப்பதில்லை. இதுவும் நோய்தான், சொல்லப்போனால் மருந்துக்கு எளிதில் மசியாத பகுதி இது. ஆனால் வீட்டுக் கண்ணுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. ‘நல்லாத்தானே இருக்கே? எந்திரிச்சு ஒரு வேலையைப் பாத்தா என்ன?’ என்று அப்பா தொடங்குகிறார். அது தினம் நடக்கிறது.

குடும்பத்தின் மேல் பழிபோடுவதில் மருத்துவ உலகமும் பங்கெடுத்திருக்கிறது. 1948-ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற பெயர்பெற்ற மனநல மருத்துவர், தாயின் போக்கே பிள்ளையிடம் இந்த நோயை விளைவிக்கிறது என்று பொருள்படும் ஒரு பட்டத்தை எழுத்தில் கொண்டுவந்தார். ஒரு தலைமுறை அமெரிக்கத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அதற்கு ஆதாரமில்லை என்று பிறகு அந்தக் கருத்து கைவிடப்பட்டது. மரபணுவும் மூளை வளர்ச்சியும் இன்னும் பலவும் கூடி வரும் நோய் இது, வளர்ப்பால் வருவதில்லை. அந்தச் செய்தி நம் ஊர் வரை இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. ‘வளர்த்த லட்சணம்’ என்ற சொல்லை இன்றைக்கும் அம்மாக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவரது குழுவினரும் மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளியே வந்த 200-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். யாரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களைவிட, வாடகை அறையில் தங்கியவர்களும் உடன்பிறந்தாரோடு இருந்தவர்களும் நன்றாக இருந்தார்கள். ஏன் என்று அவர்கள் தொடர்ந்து தேடினார்கள். வீட்டார் எவ்வளவு குறைசொல்கிறார்கள், எவ்வளவு வெறுப்பைக் காட்டுகிறார்கள், எவ்வளவு பதறிப் பதறிப் பொத்தி வைக்கிறார்கள் என்பதை அளக்க ஒரு முறையை உண்டாக்கினார்கள். அந்த முறையை வைத்து ஆய்வாளர்கள் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் 1976-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, இவை மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் மறுபடி தலைதூக்கியது. குறைந்த வீடுகளில் எட்டில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. குறைசொல்லும் வீட்டில், வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்தபடி இருந்தவர்களின் நிலை இன்னும் மோசம். வீட்டார் அதிகம் குறைசொன்னது எதைப் பற்றி என்றும் பார்த்தார்கள். குரல்களைப் பற்றியோ சந்தேகங்களைப் பற்றியோ அவ்வளவாக இல்லை. சும்மா கிடப்பதைப் பற்றித்தான்.

1980-களில் சண்டிகரில் இதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, அங்கிருந்த குடும்பங்கள் லண்டன் குடும்பங்களைவிட வெகு குறைவாகவே குறைசொல்வது தெரிந்தது. நம் நாட்டுக் குடும்பத்தின் பொறுமை என்று இதை நாம் கொண்டாடிக்கொள்ளலாம். எனக்கு அதில் ஆள்பலம் தெரிகிறது. பாட்டி ஒரு பக்கம், சித்தப்பா ஒரு பக்கம் என்று நாலு தோள் இருந்த வீட்டில், ஒருவர் அலுத்துப்போனால் இன்னொருவர் பார்த்துக்கொண்டார். இன்றைக்கு இரண்டு அறை வாடகை வீட்டில் ஓய்வூதியம் வாங்கும் ஓர் அம்மாவும் நாற்பது வயது மகனும் மட்டும் இருக்கிறார்கள். திங்கட்கிழமை தொடங்கினால் புதன்கிழமை மத்தியானத்துக்குள் அவர்களுக்கு அந்த 35 மணி நேரம் முடிந்துவிடும். மிச்ச வாரம் அதற்கு மேல்தான் ஓடுகிறது.

லண்டன் ஆய்வைக் குடும்பத்தின் மேல் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையாகப் படித்தவர்கள் உண்டு. அப்படிப் படிப்பது பாதியில் நிறுத்திவிடுவது. சிடுசிடுப்பு எங்கிருந்து வருகிறது என்ற அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். பாசக் குறைவிலிருந்து அது வருவதாக நான் நம்பவில்லை. பாசமில்லாதவர்கள் எப்போதோ விலகிப் போயிருப்பார்கள். அது தூங்காத உடம்பிலிருந்து வருகிறது. இது நோய் என்று யாரும் எடுத்துச் சொல்லாததிலிருந்து வருகிறது. வெளியே ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாத வருடங்களிலிருந்து வருகிறது. அந்தச் சிடுசிடுப்பு நோயைத் திரும்ப அழைக்கிறது என்றால், அதைத் தணிப்பதெல்லாம் நோயைத் தடுக்கிறது. அம்மாவுக்குக் கிடைக்கும் ஒரு ராத்திரித் தூக்கம் மகனுடைய சிகிச்சையின் ஒரு பகுதி. அவர் தங்கை வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவது சுயநலம் ஆகாது. மருந்துச் சீட்டில் எழுதிக்கொடுக்க வேண்டிய விஷயம் அது. குடும்பத்துக்கு நோயைப் புரியவைத்து, தைரியம் சொல்லி, கூடவே மருந்தும் தொடர்ந்தால் நோய் திரும்புவது குறைகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் நம் நாட்டிலேயே இருந்திருக்கிறார்கள். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யாசாகர் வளாகத்துக்குள் கூடாரம் போட்டு, நோயாளிகளோடு அவர்கள் குடும்பத்தாரையும் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1957-ல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், சேர்க்கப்படுகிறவரோடு வீட்டார் ஒருவரும் தங்க வேண்டும் என்பது நடைமுறை. அங்கே ஓர் அம்மா இன்னோர் அம்மாவைப் பார்க்கிறார். தன் மகன் மட்டும்தான் இப்படி என்ற எண்ணம் அந்த வராந்தாவிலேயே உடைந்துவிடுகிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்த மருத்துவர் சாரதா மேனன், 1984-ல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பை இந்த நோய்க்கென்றே தொடங்கினார். மருந்தோடு வேலைப் பயிற்சியும் குடும்பத்தாருக்கான ஆலோசனையும் அங்கே சிகிச்சையாகவே கருதப்பட்டன. வழி தெரியாமல் நாம் நிற்கவில்லை. தெரிந்த வழி மாவட்டம்தோறும் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

போய்ச் சேராமல் இருப்பதற்கு நம் புகழ்ச்சியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ‘அந்த அம்மா தெய்வம்ங்க, இவ்வளவு வருஷமா எப்படித் தாங்குறாங்க’ என்று சொல்கிறோம். மனமாரத்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். தெய்வத்துக்குக் களைப்பு உண்டு என்று யாரும் நினைப்பதில்லை. ஆகவே அந்த அம்மாவும் களைப்பை வெளியே சொல்வதில்லை. மூச்சடைக்கும் ஒரு நேரத்தில் அவர் தாழ்ந்த குரலில் சொல்வது வேறு: ‘நான் கண்ண மூடுறதுக்கு முந்தின நாள் அவன் போயிடணும்.’ பெற்ற பிள்ளை தனக்கு முன்னால் போக வேண்டும் என்று ஒரு தாய் சாமியிடம் கேட்கிறார். இப்படிக் கேட்பவர் ஒருவர் இருவர் இல்லை. அதைப் பாசம் வற்றிப்போனதன் அடையாளமாக எண்ணிவிட வேண்டாம். தனக்குப் பிறகு அவன் தட்டில் யாரும் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுக் காட்டமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

எங்களுக்குப் பிறகு யார்? இந்தக் கேள்விக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்காக 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பெற்றோருக்குப் பின் காப்பாளர் யார் என்பதற்கு அதில் வழி உண்டு. மனநோய் உள்ளவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை ஊனங்களில் ஒன்றாக மனநோயையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், இடைநிலை இல்லங்கள், துணையோடு தங்கும் வீடுகள், நோயாளியின் குடும்பத்தைத் தாங்கும் சேவைகள் ஆகியவற்றை அரசு ஏற்படுத்தித் தர வேண்டும் என்று 18-வது பிரிவிலேயே எழுதிவைத்திருக்கிறது. குடும்பத்தைத் தாங்குவது தர்மகாரியமில்லை, சட்டப்படி கேட்டுப் பெற வேண்டியது. ஒவ்வொரு மாவட்டத்திலும், ஓர் அம்மா அறுவைசிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தால் பத்து நாள் மகனை நம்பி விட்டுப் போகக்கூடிய ஓர் இடமாவது வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலை கேட்கிறோம், தண்ணீர் கேட்கிறோம். இதையும் கேட்க வேண்டும்.

அதுவரை நம்மால் ஆனது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், ‘எப்படி இருக்கான்?’ என்று மட்டும் கேட்காதீர்கள்; ‘நீங்க எப்படிம்மா இருக்கீங்க?’ என்றும் கேளுங்கள். அவனிடம் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். பழகிக்கொண்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் நான் அவன்கூட இருக்கிறேன், நீங்கள் கோயிலுக்கோ கடைக்கோ போய்விட்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். இப்போதுதான் நோய் தொடங்கித் திகைத்து நிற்கும் வீடு என்றால் 14416 என்ற எண்ணைக் குறித்துக் கொடுங்கள். அது மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். நோயாளிதான் அழைக்க வேண்டும் என்பதில்லை. அம்மாவும் அழைக்கலாம்.